பாக்கியநாதனின் வலது கை

பாக்கியநாதனுக்கு வாய் இருப்பது சாப்பிட மட்டும்தான் என்று கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் பலரும் நம்பினார்கள். பேச்சு முழுக்க வலது கையில். அவர் கீழே நின்று இரும்புச் சுருளுக்குச் சங்கிலி மாட்டுவார். மேலே கிரேன் கூண்டில் சுகிர்தா. கட்டைவிரல் உயர்ந்தால் தூக்கு. கவிழ்ந்தால் இறக்கு. முஷ்டி உயர்ந்தால் நில். அந்த இரைச்சலில் கடவுளே வந்தாலும் கையைத்தான் காட்ட வேண்டும். ஆறு வருடத்தில் அந்த முஷ்டியைச் சுகிர்தா ஒரு தடவைகூட மீறியதில்லை. பாக்கியநாதனுக்குக் கால்விரல் பத்தும் பத்திரமாக இருப்பதே அதற்குச் சாட்சி.

இருவரும் சீட்டாட்டத்தில் கூட்டு சேர்ந்ததற்கு நிர்வாகம்தான் காரணம். ஓய்வறையில் ரம்மிக்குத் தடை போட்டவர்களுக்கு, பிரிட்ஜ் என்று ஓர் ஆட்டம் இருப்பது தெரியாது.

பிரிட்ஜில் எதிரெதிரே உட்காருபவர்கள் ஒரு கட்சி. ஆடுவதற்கு முன் ஏலம். எது துருப்பு, எத்தனை பிடி எடுப்போம் என்று அட்டை வைத்துச் சொல்ல வேண்டும். எதிராளி ஏற்றினால் நாமும் ஏற்றலாம், பயமிருந்தால் பாஸ். சொன்ன பிடி வராவிட்டால் அபராதப் புள்ளி. கூட்டாளிக்கு ஜாடை மட்டும் காட்டவே கூடாது.

அங்கேதான் வினை. ஏலம் ஏறினால் பாக்கியநாதனுக்குத் தலைக்கு மேல் பத்து டன் ஏறுகிற மாதிரி இருக்கும். முஷ்டி தானாக எழுந்துவிடும்.

"அண்ணே, நம்ம ரூம்ல சிரிச்சிட்டுப் போய்டுவாங்க. திருவள்ளூர் போட்டில கைய தூக்கினு நின்னா, களவாணின்னு எழுதி நம்ம ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிடுவாங்க."

"நான் இன்னாம்மா பண்றது? அதுவா போவுது."

"கேன்டீன்ல வடை போடும்போது மட்டும் எழும்ப மாட்டேங்குதே, எப்டி?"

வைத்தியத்தையும் அவளே கண்டுபிடித்தாள். வலது கையில் சுடச்சுட ஒரு டீ கிளாஸ்.

போட்டியில் கடைசி மேசை வரை டீ காப்பாற்றியது. எதிரில் பெயின்ட் கம்பெனி மோகன்ராஜும் ராஜமாணிக்கமும். சுகிர்தா ஆர்ட்டினில் தொடங்கினாள். ராஜமாணிக்கம் இஸ்பேட் வைத்தார். பாக்கியநாதன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, ஆர்ட்டினில் எட்டுப் பிடி என்று அட்டை எடுத்து வைத்தார். மோகன்ராஜ் ஒரே தாவலில் இஸ்பேட்டில் பத்துக்கு ஏற்றினார்.

அடுத்து சுகிர்தாவின் முறை. பாக்கியநாதனின் முஷ்டி எழுந்து நின்றது.

"மேடம்! இங்க வாங்க. ஜாடை காட்றாரு!" மோகன்ராஜின் குரல் தெருவரை கேட்டிருக்கும்.

நடுவர் ஜோதிலட்சுமி வந்தார். "அந்தக் கைக்கு என்ன அர்த்தம்?"

"நில்லுன்னு அர்த்தம் மேடம்." பொய் சொல்ல அந்த வாய்க்குப் பழக்கம் போதாது.

"நீங்க அதைப் பார்த்துட்டீங்கம்மா," என்றார் நடுவர் சுகிர்தாவிடம். "அது சொன்னபடி பாஸ் பண்ணி லாபம் வந்தா, நான் எழுதித்தான் ஆகணும்."

சுகிர்தாவின் விரல் அட்டைப் பெட்டிக்குப் போனது. முன்வரிசையில் பச்சை பாஸ் அட்டை. ஆறு வருடப் பழக்கம் அதைத்தான் எடுக்கும். நடுவர் எழுதினாலும் ஜெயில் இல்லை, காசு அபராதமும் இல்லை. ஆனால் திங்கட்கிழமை கேன்டீனில் களவாணி என்ற பெயரோடு எப்படித் தட்டு நீட்டுவது? பாக்கியநாதன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

விரல் பச்சையைத் தாண்டிப் போனது. ஆர்ட்டினில் பதினொன்று.

"டபுள்!" மோகன்ராஜ் அபராதத்தை இரட்டிப்பாக்கினார். அட்டையை வைத்த வேகத்தில் டீ கிளாஸ் ஆடியது.

ஆட்ட விதிப்படி பாக்கியநாதன் தன் சீட்டுகளை மேசையில் பரப்பிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். சுகிர்தாதான் இரண்டு பேருக்கும் சேர்த்து ஆடுவாள். அவர் வாழ்நாளில் அவ்வளவு நேரம் கை சும்மா இருந்ததில்லை. எட்டு, ஒன்பது, பத்து. பதினொன்றாவது பிடி வரவில்லை.

அபராதம் நூறு புள்ளி. மோகன்ராஜ் சிரித்தார். மற்ற மேசைகளின் கணக்கு வரும்வரைதான் சிரித்தார். எல்லா மேசைக்கும் அதே சீட்டுகள். அங்கெல்லாம் இஸ்பேட்டுக்குப் பத்துப் பிடி சுளையாக வந்து, ஆர்ட்டின் கட்சிக்கு நானூற்று இருபது புள்ளி போயிருந்தது; இங்கே போனது நூறுதான்.

"எழுதணுமா சார்?" என்றார் ஜோதிலட்சுமி.

"இன்னாத்த எழுதுறது?" மோகன்ராஜ் எரிச்சலோடு நாற்காலியைத் தள்ளினார். "அவரு நில்லுன்றாரு, இந்தம்மா ஏறுது. இதுக்குப் பேரு ஜாடையா?"

நடுவர் பேனாவை மூடினார். பாக்கியநாதன் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

வெளியே பஸ்ஸுக்கு நடக்கும்போது கேட்டார், "கையப் பாத்தியா இல்லியாம்மா?"

"பாத்தேண்ணே. பாஸா, ஏத்தலாமான்னு ரெண்டு மனசா இருந்துச்சு. நீ கைய தூக்குன, ஒரே மனசாயிடுச்சு."

திங்கட்கிழமை முதல் சுருள் மேலே ஏறியது. கையை மீறி ருசி கண்டுவிட்டாளோ என்று ஒரு பயம். பாக்கியநாதன் சந்தேகத்தோடு முஷ்டியை உயர்த்தினார்.

சுருள் அந்தரத்தில் அப்படியே நின்றது.