கொழுந்துக்காரிகள் இருக்கும் புத்தகம்

எனக்கு அவ்வளவாக வாசிக்க வராது. அதனால் ஹட்டன் பழைய புத்தகக் கடையில் புகைப்படப் புத்தகங்களாகப் பார்த்து வாங்குவேன். எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளில் கேட்பவர்களுக்குப் பார்க்கக் கொடுப்பேன்.

பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கு, கொழுந்து பறிக்கும் பெண்களின் படங்கள் உள்ள புத்தகத்தைக் கொடுத்தேன். ஒரு பக்கத்தில் அவள் கை நின்றது.

"இது எங்கம்மாண்ணே."

"மொகமே தெரியலயே புள்ள, முதுகுதானே தெரியுது?"

"இடுப்புல கட்டியிருக்க படங்குச் சாக்கப் பாருங்க. கிழிசல்ல செவப்புத் துணி வச்சுத் தச்சது நாந்தான்."

செத்துப்போன அம்மாவின் படம் அவள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. அம்மாவை மட்டும் வெட்டிக் கொடுக்க, மனசில்லாமல்தான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

"வெட்டாதீங்கண்ணே. கூட நிக்கிறவங்களும் இருக்கட்டும்."

புத்தகத்தையே கொடுத்துவிட்டேன். பல வருடம் பார்த்த படம். அது யாரென்று அவள்தான் எனக்குச் சொன்னாள். அந்த நன்றி எனக்கு உண்டு.