மஞ்சள் நூல் கட்டிய பிரஷ்

நான் உயர்நிலை நான்கோடு படிப்பை நிறுத்தியவன். ஆராய்ச்சிக்கூடத்தைப் பற்றியும் அங்கே வேலை செய்த படித்த ஒருவரைப் பற்றியும் எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டவன் என்பதால்தான் எழுதுகிறேன்.

புக்கிட் பாஞ்சாங்கில் என் வீட்டு அலமாரியில் ஒரு பிரஷ் இருக்கிறது. பிள்ளைகள் படத்துக்கு வண்ணம் தீட்டுகிற மாதிரி மெல்லிய பிரஷ். அதன் காம்பில் மஞ்சள் நூல் சுற்றியிருக்கும். சுற்றியவர் டாக்டர். மருந்து எழுதிக் கொடுக்கிற டாக்டர் அல்ல, பயிர் நோய்களை ஆராய்கிறவர். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

சோயாச் செடியின் இலையில் துருப் பிடித்தது போலப் புள்ளி விழுகிற ஒரு நோய் உண்டு. பூஞ்சையால் வருவது. பக்கத்து நாடுகளில் வயல் வயலாக இலையைக் கொட்ட வைத்துவிடும். டாக்டர் ஆறு ஊர்களிலிருந்து நோய் கண்ட இலைகளை அனுமதி வாங்கிக் கொண்டுவந்திருந்தார். என் கண்ணுக்கு ஆறும் ஒரே பழுப்புத் தூள். அவரோ, மரபணுவில் ஆறும் வேறு, வீரியமும் வேறு என்பார். "ஒரே வீட்டுல ஆறு பிள்ளைங்க மாதிரிண்ணே. ஒருத்தன் எல்லார்கிட்டயும் சண்டைக்குப் போவான். ஒருத்தன் வாயே திறக்க மாட்டான், உங்கள மாதிரி." ஆறின் கன்றுத் தட்டுக்கும் பிரஷ்ஷுக்கும் ஆளுக்கொரு நிறத்தில் நூல் கட்டியிருந்தார். சிவப்பு நூல் கட்டியது சண்டைக்காரன், எந்த ரகச் செடியையும் விடாது. மஞ்சள் நூல் ஒரு மலைக்கிராமத்திலிருந்து வந்தது. அந்த ஊர்க்காரர்கள் விதைத்த ஒரு ரகத்தை மட்டும் அதனால் தொடவே முடியவில்லை. எது எதைத் தொடாது என்று தெரிந்தால்தான் விவசாயிக்கு எந்த விதையைக் கொடுக்கலாம் என்று சொல்ல முடியும். டாக்டரின் வேலை முழுவதும் அதுதான்.

இந்தப் பூஞ்சை புட்டியில் வளராது. உயிருள்ள இலை வேண்டும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பழைய இலையிலிருந்து தூளைப் பிரஷ்ஷால் தட்டி எடுத்துப் புதிய கன்றுகளுக்கு மாற்ற வேண்டும். அது என் வேலை. ஒன்றுக்கு எடுத்த பிரஷ் இன்னொன்றைத் தொடக்கூடாது. கண்ணாடிக் கூடத்தின் வாசலில் நின்று டாக்டர் கேட்பார்: "அண்ணே, பிரஷ்ஷ மாத்துனீங்களா?" நான் தலையை ஆட்டுவேன். பல நாள் எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

ஒருநாள் மஞ்சள் பிரஷ் கை தவறி பிளீச் வாளிக்குள் விழுந்துவிட்டது. பிளீச் பட்ட பிரஷ் தூளைச் சாகடித்துவிடும். ஸ்டோரில் புதிது கேட்க வேண்டும். ஸ்டோர்க்காரர் நம் ஆள்தான், ஆனால் பத்துப் பேர் முன்னால் கிண்டல் செய்வார். "போன மாசம்தானே கொடுத்தேன்? பிரஷ்ஷ வச்சுச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கிறீங்களா லா?" என்று அவர் முன்பு ஒருமுறை சொல்ல, வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டு நான் போகவில்லை. சிவப்பு நூல் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் துடைத்தேன். இரண்டு முறை துடைத்தேன். அதைக் கொண்டே மஞ்சள் தட்டை முடித்தேன்.

"அண்ணே, பிரஷ்ஷ மாத்துனீங்களா?"

தலையை ஆட்டினேன்.

சில வாரங்கள் கழித்து, மஞ்சள் தட்டின் தூளைத் தடவிப் பார்த்தபோது, மஞ்சளால் தொடவே முடியாத அந்த ரகத்தின் இலையில் புள்ளி விழுந்தது. டாக்டர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். "பாருங்கண்ணே, நம்ம கண்ணு முன்னாடியே மாறியிருக்கு. இத்தன நாள் பேசாம இருந்தவன் இப்பதான் வாயத் திறக்குறான்." அப்போதே சொல்லியிருக்கலாம். எத்தனையோ முறை வாய்வரை வந்தது. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபின், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். ஓராண்டு போய்விட்டது. அந்த ஓராண்டும் அவர் அந்த மாற்றத்தின் பின்னாலேயே ஓடினார், மற்ற வேலையை எல்லாம் நிறுத்திவிட்டு.

பிறகு மரபணுச் சோதனை முடிவு வந்தது. மஞ்சள் தட்டில் மஞ்சளே இல்லை. முழுக்கச் சிவப்பு. வீரியமுள்ளது மற்றதை இருந்த இடம் தெரியாமல் ஆக்கிவிட்டது. குளிர்பெட்டியில் முன்பே எடுத்துவைத்திருந்த மஞ்சள் தூளும் முளைக்கவில்லை. இலை பறித்த அந்த வயலில் இப்போது கட்டடம் நிற்கிறதாம். டாக்டரின் ஒப்பந்தத்தை மேலே இருப்பவர்கள் புதுப்பிக்கவில்லை.

கடைசி நாளில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றியபடி சொன்னார்: "முதல் மாசமே தெரிஞ்சிருந்தா பிரிச்சு எடுத்திருக்கலாம்ணே. எங்கயோ நான்தான் தப்புப் பண்ணிட்டேன். நீங்க பிரஷ்ஷ மாத்தியிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்." நான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயை நிறுத்தினேன். அவர் என்னைப் பார்த்தார். மறுபடி குழாயைத் திறந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் அவரைப் பார்த்தேன். ஆறு வருடங்கள் ஆகின்றன. பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாராம். முடி நரைத்திருந்தது. ஆராய்ச்சி வேலைக்கு எங்கெங்கோ எழுதிப் போட்டாராம். அந்தத் தட்டைப் பற்றிக் கேட்டுவிட்டு அப்புறம் பதிலே போட மாட்டார்களாம். கூட வந்த தன் அம்மாவிடம் என்னைக் காட்டினார். "சொல்வேன்லம்மா, அந்த அண்ணன் இவருதான். இவர மாதிரிக் கவனமா வேலை பாக்குறவங்க கிடைக்கமாட்டாங்க." அந்த அம்மா கைகூப்பினார். நானும் கைகூப்பினேன். மீன் வாங்கினேனா என்று டாக்டர் கேட்டார். தலையை ஆட்டினேன். கூட்டம் நெருக்க, அவர்கள் காய்கறிக் கடைப் பக்கம் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். பிளீச்சில் சுருண்ட மயிர் சுருண்டபடியே இருக்கிறது. நூலின் மஞ்சள் மட்டும் கொஞ்சம் வெளுத்துவிட்டது.

மறுநாள் திங்கட்கிழமை. வேலைக்குப் போனதும் ஸ்டோரில் ஒரு பிரஷ் கேட்டேன். அதே ஸ்டோர்க்காரர்தான். ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் கொடுத்தார்.