வழி உடுங்க சாமி

கடைசி செமஸ்டர் முடிந்த கையோடு சென்னையிலிருந்து நாங்கள் நாலு பேர், ரெண்டு பைக்கில் ஏற்காடு கிளம்பினோம். கூட்டம் இருக்காது என்று குப்பனூர் வழியாக மலையேறினோம். ஒரு வளைவில் பைக்குகளை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தி ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து ஒரு ஜீப் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கி வந்தார்.

"ஏனுங்க, கொஞ்சம் வழி உடுங்க சாமி."

எங்கள் ஊரில் அவசரம் என்றால் ஹாரன் அலறும், கெட்ட வார்த்தை பறக்கும். இவர் இவ்வளவு மரியாதையாகக் கேட்டதால் அவசரமில்லை என்று நினைத்துவிட்டேன். "ரெண்டே நிமிஷம்ணா" என்றேன். மூணு டேக் எடுத்தோம். நடுவில் இன்னொரு தடவையும் அவர் அப்படியேதான் கேட்டார்.

பைக்கை நகர்த்தும்போதுதான் ஜீப்புக்குள் பார்த்தேன். பின்சீட்டில் வயசான அம்மா ஒருவர் மூச்சுத் திணறிக்கொண்டு படுத்திருந்தார்.

"சொல்லியிருக்கலாமேண்ணா!"

"சொன்னனுங்களே" என்றார். அதிலும் கோபமில்லை.

மறுநாள் சாயங்காலம் அதே வழியில் திரும்பினோம். வாழவந்தியில் ஒரு வீட்டு முன்னால் பந்தல். ரோடு வரைக்கும் சேர் போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாக அந்த ஜீப் நின்றது. மொட்டைத் தலையோடு அவர் எழுந்து எங்களைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் திரும்பினார்.

"வண்டி வருதுங்க, வழி உடுங்க."

அந்த ரெண்டு நிமிஷத்தால்தான் அந்த அம்மா போய்விட்டாரா என்று இறங்கிக் கேட்க எனக்குத் தைரியமில்லை. இனிமேல் கேட்டும் பிரயோஜனமில்லை. பந்தல் முன்னால் அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். எல்லோரும் ஒதுங்கிவிட்டார்கள்.