அக்காவின் காடைக் கஞ்சி

வெள்ளவத்தையில் ஒரு கிளினிக்கில் இருபத்திரண்டு வருடமாக நான் போசாக்கு ஆலோசகர். மற்றவர்கள் ஆசையோடு சாப்பிடுவதைச் சிவப்புப் பேனையால் வெட்டுவதுதான் என் பிழைப்பு என்று அக்கா சொல்வாள். பொய்யும் இல்லை. என்னிடம் வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு தாள் அச்சடித்து வைத்திருக்கிறேன். அதில் தவிர்க்க வேண்டியவை என்ற தலைப்பின் கீழ் முதல் வரியிலேயே புகையிட்ட இறைச்சி நிற்கும். கொஞ்சமாகச் சாப்பிட்டால் என்ன மிஸ் என்று யாராவது கேட்டால், கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று திருப்பிக் கேட்பேன். அதற்குப் பிறகு யாரும் வாய் திறப்பதில்லை.

போன வருடம் அக்காவுக்குப் புற்றுநோய் என்று வந்தபோது எல்லோரையும் போல நானும் பயந்தேன். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் பயப்படவில்லை. நோயை டொக்டர் பார்த்துக்கொள்ளட்டும், வயிற்றை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தைரியமாக இருந்தேன். கொட்டாஞ்சேனை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் என்னைவிட ஆறு வயது மூத்தவள், காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இரண்டு பேரும் கல்யாணம் கட்டவில்லை. ஏன் கட்டவில்லை என்பதற்கு எங்கள் சொந்தக்காரர்களிடம் எங்களைவிட நல்ல காரணங்கள் இருக்கின்றன.

ஆறு முறை மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். இரண்டாவது முறைக்குப் பிறகு அக்காவின் நாக்கு போய்விட்டது. வாய்க்குள்ளே சில்லறைக் காசு கிடக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். கடுகு வெடித்தால் ஓங்காளம். சோறு கொதித்தால் ஓங்காளம். பால் தேத்தண்ணீரைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். நான் விடவில்லை. முட்டை அடித்தேன், பருப்பை மசித்தேன், மீனை ஆவியில் வைத்தேன், தகர ரின்னில் வருகிற சத்துமா கரைத்தேன். எல்லாவற்றிலும் இரண்டு கரண்டி எடுப்பாள். பிறகு "நல்லாயிருக்கு" என்று சொல்லிக் கோப்பையைத் தள்ளி வைப்பாள். அந்த நல்லாயிருக்குவைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரத் தொடங்கியது. நன்றாக இருந்தால் ஏன் சாப்பிடவில்லை?

மூன்று முறை முடிந்து, நாலாவதுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது டொக்டர் அவளை நிறுத்துப் பார்த்தார். நாற்பது கிலோவும் ஒரு சொட்டும். நாற்பதுக்குக் கீழே போனால் அடுத்த மருந்தை ஏற்ற மாட்டேன், உடம்பு தாங்காது என்றார். இடையில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் அவளுடைய ஃபைலை மூடி ஓரமாக வைத்தார். ஆஸ்பத்திரிகளில் பழகியவள் என்பதால் எனக்கு அதற்கு மேல் பதில் தேவைப்படவில்லை.

எங்கள் பின்மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மலையகத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து சின்ன வயதில் கொழும்புக்கு வந்து, பெரிய ஹோட்டல் ஒன்றின் குசினியில் முப்பது வருடம் சமையற்காரராக நின்றவர். இப்போது வீட்டுப் பின்பக்கத்தில் ஓர் இரும்பு ட்ரம்மில் காடைகளைத் தொங்கவிட்டுப் புகை போட்டு, இரண்டு மூன்று சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறார். நான் மதிலுக்கு மேலால் இரண்டு தடவை முறைப்பாடு சொல்லியிருக்கிறேன். காயப்போட்ட சேலையெல்லாம் அடுப்படி மணக்கிறது என்று ஒரு தடவை. இந்தப் புகையைச் சுவாசிப்பதும் சிகரெட் பிடிப்பதும் ஒன்றுதான் என்று இன்னொரு தடவை. அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேலாகப் புகை இந்தப் பக்கம் வரவில்லை. என் சொல்லுக்கு மரியாதை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

டொக்டர் அப்படிச் சொன்ன கிழமை, சனிக்கிழமை காலையில், புகை திரும்பவும் வந்தது. அக்கா பின்னறையில் யன்னலோரம் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள். அவளுக்கு ஓங்காளம் வரப்போகிறது என்று நான் ஓடிப்போய் யன்னலில் கை வைத்தேன்.

"சாத்தாதை," என்றாள். "அது என்ன மணம்? சாப்பிடலாம் போல கிடக்கு."

நாலு கிழமைக்குள் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்தது அதுதான் முதல் தடவை. வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிடமே மதில் ஏறிக் குதித்திருப்பார்கள். நான் பாடம் எடுத்தேன். புகையில் இருக்கிற கரி, ஊற வைக்கிற உப்பு, உள்ளே பாதி வெந்தும் வேகாமலும் இருக்கிற இறைச்சி, வெள்ளை அணு குறைந்த உடம்புக்குள் போகிற கிருமி என்று ஒன்று விடாமல் சொல்லி முடித்தேன். என் கிளினிக் குரல் எனக்கே கேட்டது.

"நீ சொல்லுறது சரிதான்," என்றாள் அக்கா. பிறகு அவளே எழுந்து யன்னலைச் சாத்தினாள்.

மத்தியானம் வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் சொன்னதில் ஒரு சொல் கூடப் பிழை இல்லை, அதுதான் எரிச்சல். பத்து வருடம் கழித்து வரக்கூடிய நோய் வருத்தத்துக்கெல்லாம் கணக்குப் பார்த்த நான், பன்னிரண்டு நாளில் ஏறப்போகிற தராசைப் பார்க்கவில்லை. உண்மையில் பயப்பட வேண்டியது கிருமிக்கு மட்டும்தான். நன்றாக வேக வைத்தால் அது போய்விடும். இதை எனக்கு நானே சொல்லிக்கொள்ள மூன்று மணித்தியாலம் எடுத்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, ஒழுங்கையைச் சுற்றி அவர் வீட்டுக்குப் போனேன்.

என்னைக் கண்டதும் அவர் முகம் சுருங்கியது. மழைத் தண்ணீர் அந்த மூலையில் நிற்கிறது, அதனால்தான் ட்ரம்மை இந்தப் பக்கம் இழுத்தேன் என்று நான் கேட்காமலே சொன்னார். வந்த காரியம் வேறு என்றேன். ஆனால் பழக்க தோஷம், முதலில் கேட்டது இந்தப் பறவை காட்டில் பிடித்ததா என்பதுதான். பிடித்தால் குற்றம் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். களனிப் பக்கத்துப் பண்ணையிலிருந்து வருகிறதாம், காட்டைக் கண்ணாலும் காணாத காடைகளாம்.

எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். சுத்தம் செய்த காடையை மிளகும் ரம்பை இலையும் போட்ட உப்புத் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வைப்பார். காலையில் துடைத்து, தோல் விரலில் இலேசாக ஒட்டுகிற பதம் வரும்வரை காற்றில் தொங்கவிடுவார். ஈரத் தோலில் புகை ஏறினால் கசந்து போகும். பிறகு தேங்காய் மட்டையும் கறுவாக் கட்டையும் போட்டு, சுவாலை எழும்பாமல் மூன்று மணித்தியாலம். உள்ளே வெந்ததா என்று எப்படித் தெரியும் என்றேன். தொடையைப் பெருவிரலால் அமுக்கிக் காட்டினார். நான் கைப்பையிலிருந்து இறைச்சிக்குள் குத்திப் பார்க்கிற தெர்மோமீட்டரை எடுத்து நீட்டினேன். முப்பது வருடம் குசினியில் நின்ற மனிதரிடம் அப்படிச் செய்திருக்கக் கூடாது. அவர் அதை வாங்கவில்லை.

நிபந்தனைகளையும் சொன்னேன். இறைச்சி சிவப்பாக நிற்கப் போடுகிற வெடியுப்பு சேர்க்கக் கூடாது, உப்புத் தண்ணீரில் அரை மணித்தியாலம் போதும், புகையும் பாதி போதும். உப்பைக் குறைத்தால் இறைச்சி நாலு நாள் நிற்காது என்றார். நிற்க வேண்டாம், அன்றன்றைக்கே சாப்பிடுவது என்றேன். யாருக்கு என்று நான் சொல்லவில்லை. அவர் குளிர்பெட்டியைத் திறந்து, பச்சைக் காடைகள் இரண்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"அக்காவுக்குத்தானே மிஸ்? மருந்து ஏத்துறாங்கன்னு கேள்விப்பட்ட அன்னைக்கே ட்ரம்ம அந்த மூலைக்குக் கொண்டுபோய்ட்டேன். பொகை அவங்களுக்கு ஆகாதுன்னு நெனச்சேன்."

ஆக, அது என் முறைப்பாட்டுக்குக் கிடைத்த மரியாதை இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நன்றி என்று கூட ஒழுங்காகச் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் மத்தியானத்துக்கு முன்பே மதிலுக்கு மேலால் வாழையிலைப் பொட்டலம் ஒன்று வந்தது. உள்ளே இரண்டு காடைகள், தேன் நிறத்தில், ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அளவு. இனி நடந்ததை நினைத்தால் என் தலையில் நானே அடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீடுகளுக்குள் இறைச்சி என்று எது வந்தாலும் கை தானாக மஞ்சளையும் தேசிக்காயையும் தேடும். தேய்த்து, மூன்று தண்ணீரில் அலசினால்தான் மனம் ஆறும். நானும் ஒரு நோயாளிக்கு டெலிபோனில் ஆலோசனை சொல்லிக்கொண்டே, ஒரு காடையை எடுத்து மஞ்சள் பூசி, தேசிக்காய் பிழிந்து, நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். அவர் காலையிலிருந்து நின்று ஏற்றிய புகை முழுவதும் தண்ணீரோடு போய்விட்டது. அவித்துக் கஞ்சியில் போட்டுக் கொண்டுபோனேன். அக்கா குனிந்து மணந்தாள். எதையோ தேடுகிறவள் போல இன்னொரு தடவையும் மணந்தாள். இரண்டு கரண்டி எடுத்து, "நல்லாயிருக்கு," என்றாள்.

மிஞ்சியது ஒன்று. அதை ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. நெஞ்சைப் பிளந்து தோலோடு சட்டியில் போட்டு, மூடும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, ஒரு துண்டு இஞ்சியும் நாலு சின்ன வெங்காயமும் போட்டு, மெல்லிய நெருப்பில் முக்கால் மணித்தியாலம் விட்டேன். தாளிக்கவில்லை. உப்பு ஒரு கல்லும் போடவில்லை, பறவைக்குள் இருப்பதே போதும் என்று கணக்குப் போட்டேன். தொடைக்குள் தெர்மோமீட்டரைக் குத்திப் பார்த்தேன். அவ்வளவு நேரம் கொதித்த இறைச்சிக்கு அது தேவையில்லை என்று தெரியும், ஆனால் மனம் கேட்கவில்லை.

ஒரு காடையில் ஒரு கைப்பிடி இறைச்சிதான் தேறும். அந்தக் கைப்பிடிக்குள் புரதமும் இரும்புச்சத்தும் நிறைய இருக்கின்றன, கொழுப்புத்தான் குறைவு. எடை குறையக் கூடாதவளுக்குக் கொழுப்பும் வேண்டும். அதனால் எலும்பைக் களைந்து, இறைச்சியை நார் நாராகப் பிய்த்து, அவித்த தண்ணீரிலேயே சிவப்புப் பச்சை அரிசியைக் குழைய விட்டு, கடைசியில் கட்டித் தேங்காய்ப்பால் அரைக் கோப்பை ஊற்றினேன். சூட்டோடு கொடுத்தால் மணம் முகத்தில் அடிக்கும் என்று ஆற வைத்தேன். உலோகக் கரண்டி அந்தக் காசுச் சுவையைக் கூட்டும் என்று பிளாஸ்டிக் கரண்டி வைத்தேன். இதெல்லாம் என் தாளில் உள்ளவைதான். காடை மட்டும்தான் இல்லை.

அக்கா மணந்து பார்த்தாள். சாப்பிடத் தொடங்கினாள். நான் கதவடியில் கைத்துணியை மடித்துக்கொண்டு, பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாதிக் கோப்பை போனது. கொஞ்ச நேரம் சாய்ந்திருந்துவிட்டு மிச்சத்தையும் சாப்பிட்டாள். அந்தப் புகை மணம் வாய்க்குள் கிடக்கிற காசை மூடிவிடுகிறது என்று பிறகு சொன்னாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒவ்வொரு நாளும் காடைக் கஞ்சிதான். அவர் எங்களுக்கென்று சின்னப் புதுத் தகர வாளி ஒன்றில் துளை போட்டுத் தனியாகப் புகை போட்டார். கிளினிக்கில் அந்தத் தாளை நீட்டும்போதெல்லாம் எனக்குக் கள்ளி மாதிரி இருந்தது. தாள் பிழை இல்லை, இப்போதும் அதை மாற்றவில்லை. ஆனால் யாராவது கொஞ்சமாகச் சாப்பிடலாமா என்று கேட்டால், யாருக்கு, ஏன் என்று முதலில் விசாரிக்கிறேன். நாலாவது முறைக்குப் போனபோது ஆஸ்பத்திரித் தராசு நாற்பது கிலோ எழுநூறு கிராம் காட்டியது. டொக்டர் மருந்துக்கு எழுதினார்.

சந்தோஷப்பட்டேன்தான். ஆனால் ஒரு முள் உள்ளே கிடந்தது. சாப்பிட்டாங்களா மிஸ் என்று மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பார். ஓம், சாப்பிட்டவ என்பேன். எப்படி இருக்குதாம் என்பார். அங்கேதான் நான் பேச்சை மாற்றுவேன். ஒவ்வொரு நாளும் கோப்பையைக் காலியாக்கிவிட்டு அவள் சொன்னது அதே "நல்லாயிருக்கு"தான். ருசித்துச் சாப்பிடுகிறாளா, என் முகத்துக்காக விழுங்குகிறாளா? எனக்காக என்றால் அது எத்தனை நாளைக்கு ஓடும்? இன்னும் இரண்டு முறை மருந்து இருந்தது.

நாலாவது மருந்து ஏற்றிய பிறகு முதல் நாலு நாளும் மிக மோசம். கஞ்சியைக் கொண்டுபோனால் கையால் தள்ளினாள். காடை மணமும் உதவவில்லை. ஒரு நாள் குடித்த தண்ணீரும் நிற்கவில்லை. வீட்டுத் தராசு முப்பத்தொன்பதரை காட்டியது. அதை அவளுக்குச் சொல்லவில்லை. குளியலறையில் பைப்பைத் திறந்துவிட்டு அழுதேன். அவள் இல்லாத வீட்டை அன்றைக்குத்தான் முதல் தடவையாக நினைத்துப் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம், கேட்காமலே கோப்பையைக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். தள்ளவில்லை. ஒரு கரண்டி எடுத்து மெதுவாக மென்றாள். இன்னொன்று எடுத்தாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்தாள். அந்த ஒரு சொல்லைச் சொல்லித் தள்ளி வைக்கப்போகிறாள் என்று நான் கோப்பையை எடுக்கக் கை நீட்டினேன்.

"உப்புக் காணாது," என்றாள். "இதை மனுசர் சாப்பிடுறதோ?"

ஏழு கிழமைக்குப் பிறகு அவள் என் சமையலில் பிழை பிடித்தாள். நாக்குச் செத்த மனுசருக்கு உப்புக் குறைவது தெரியாது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. குசினிக்கு ஓடி உப்புப் போத்தலை எடுத்து வந்து ஒரு சிட்டிகை போட்டேன்.

"இன்னும்," என்றாள்.

போத்தலை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன்.