மல்லி மஞ்சளான ஆடி

பெண் டாக்டர் என்றால் பிரசவம் பார்ப்பவள். அந்த நாளில் திருத்தணி எடுத்திருந்த முடிவு அதுதான். சென்னையில் எல்.எம்.பி. படித்துவிட்டு, யுத்த காலத்தில் அந்த ஊருக்குப் போய், சரவணப் பொய்கைக்குப் பக்கத்தில் ஒரு வாடகைக் கட்டடத்தில் டிஸ்பென்சரி திறந்தேன். காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு என்றால் என் வாசலைத் தாண்டிப் போய் அரக்கோணத்துக்கு ரயில் ஏறுவார்கள். இடுப்புவலி கண்டால் மட்டும் என்னைத் தேடி ஓடி வருவார்கள். எனக்கோ கோபம் மூக்குநுனியில் இருக்கும். இதயத்தைப் பற்றி நான் மாய்ந்து மாய்ந்து படித்ததெல்லாம் ஏட்டுச் சுரைக்காயாகவே போய்விடும் போலிருக்கிறதே என்று தனியாக உட்கார்ந்து பொருமுவேன்.

ஓர் ஆனி மாதம், ஊர் எல்லையில் மல்லித் தோட்டம் வைத்திருந்த விவசாயக் குடும்பத்திலிருந்து ஒரு மருமகளை மாட்டு வண்டியில் அழைத்து வந்தார்கள். கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லாதவள். இப்போது வயிறு பெரிதாகியிருக்கிறது என்று மாமியாருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அதனால்தான் என்னிடம் வந்தார்கள். அந்தப் பெண்ணோ பேச மூச்சில்லாமல் வண்டிச் சட்டத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நெல் மூட்டையில் சாய்ந்தே தூங்குகிறாளாம். அவள் காலை விரலால் அழுத்தினேன். பதிந்த குழி மேலே வரவில்லை. நெஞ்சில் குழலை வைத்தால் இதயம் தாளமே இல்லாமல் தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பிள்ளையில்லை, வயிற்றில் இருப்பது தண்ணீர் என்று சொன்னபோது மாமியாரின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. மருமகளுக்குச் சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தின் ஒரு கதவைச் சுருக்கிவிட்டிருந்தது. இதைக் கூட வந்திருந்த அவள் கணவருக்கு எப்படி விளக்குவது? அவர் கிணற்றில் மாடு பூட்டி, சால் என்கிற பெரிய வாளியில் தண்ணீர் ஏற்றிக் கவலை இறைக்கிறவர். அதையே பிடித்துக்கொண்டேன்.

“சால் நெறையறதுக்குள்ள மாட்ட ஓட்டினா என்ன ஆவும்?” என்று கேட்டேன்.

“மாடு ஓடிக்கினே இருக்கும், தண்ணி பாதிதாங்க ஏறும்.”

“இவங்க நெஞ்சும் அப்படித்தான் ஓடிக்கினு இருக்குது. ஏறாத தண்ணிதான் காலுலயும் வயித்துலயும் தேங்கி நிக்குது. மாட்ட நிதானமா நடக்க வைக்கிற மருந்து என்கிட்ட இருக்குது.”

அந்த மருந்தின் பெயர் டிஜிடாலிஸ். ஒரு செடியின் இலையிலிருந்து எடுப்பது. யுத்தத்தினால் எதற்கும் தட்டுப்பாடு. நான் கையில் வைத்திருந்ததே கொஞ்சம்தான். அளவோடு கொடுத்தால் இதயம் நிதானப்பட்டு, நிரம்பி, அழுத்தி அடிக்கும். அளவு மீறினால் அதுவே ஆளைக் கொல்லும். மிக்சராகக் கலந்து, சீசாவில் காகிதம் ஒட்டி, வேளைக்கு எவ்வளவு என்று தெரிய அதன் ஓரத்தை வெட்டு வெட்டாகக் கத்தரித்துக் கொடுத்தேன். வேளைக்கு ஒரு வெட்டுக்கு மேல் ஒரு சொட்டும் கூடாது, உப்பு கண்ணிலேயே படக் கூடாது என்று மிரட்டியும் அனுப்பினேன்.

ஒரு வாரத்தில் தேங்கிய நீரெல்லாம் சிறுநீராகப் போயிற்று. வயிறு வற்றியது. கால்கள் மெலிந்து கொலுசு தளர்ந்தது. மருமகள் பாயில் மல்லாந்து படுத்துத் தூங்கினாள் என்று சொல்ல மாமியார் ஒரு கூடை மல்லியோடு டிஸ்பென்சரிக்கே வந்துவிட்டாள். வரும் ஆடிக் கிருத்திகைக்கு மருமகளைப் பூக்காவடியோடு மலை ஏற்றுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாளாம். இந்த வருஷம் கூடவே கூடாது என்றேன். “ஆங்” என்று தலையாட்டினாள். நான் அதை நம்பினேன்.

ஆடிக் கிருத்திகை நெருங்கினால் எங்கள் ஊரில் மஞ்சளைத் தவிர வேறு நிறமே கிடையாது. வேட்டி மஞ்சள், புடவை மஞ்சள், காவடித் துணி மஞ்சள், பொய்கைத் தண்ணீர்கூட மஞ்சள். அந்தக் கூட்டத்தில் காலில் முள் குத்தி வந்த ஒரு பெண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் பேச்சுவாக்கில் ஒரு செய்தி சொன்னாள். மல்லித் தோட்டத்து மருமகளுக்கு அருள் வந்திருக்கிறதாம். சோறு தண்ணீர் வேண்டாம் என்கிறாளாம். பார்ப்பதெல்லாம் அவள் கண்ணுக்கு முருகனின் மஞ்சளாகவே தெரிகிறதாம்.

பசி போவதும், காண்பதெல்லாம் மஞ்சளாவதும் டிஜிடாலிஸ் அளவு மீறியதன் அடையாளங்கள். உலகத்தில் வேறு எந்த ஊராக இருந்தாலும் யாராவது பயந்து டாக்டரைக் கூப்பிட்டிருப்பார்கள். திருத்தணியில், அதுவும் ஆடியில், கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். எதிரே வந்த காவடிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினேன். திட்டு வாங்கினேன், திருப்பியும் திட்டினேன்.

வீடு நிறையக் கூட்டம். மஞ்சள் புடவை கட்டி அவளைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். உதடு வறண்டிருந்தது. அவள் தலையிலிருந்து ஒரு மல்லியை எடுத்துக் காட்டி என்ன நிறம் என்று கேட்டேன். மஞ்சள் என்றாள். பால்? அதுவும் மஞ்சள். கையைப் பிடித்துப் பார்த்தேன். நாடி இரண்டு துடித்து நின்றது. மறுபடி இரண்டு துடித்து நின்றது. அந்த இடைவெளி ஒவ்வொன்றிலும் என் உயிரும் நின்று வந்தது. மாடத்தில் பாதி இருக்க வேண்டிய சீசாவில் அடியில் இரண்டு வெட்டுதான் மிச்சம் இருந்தது.

மாமியார் எதையும் மறைக்கவில்லை. ஒரு வெட்டு மருந்து மருமகளை எழுப்பி உட்கார வைத்தது. இரண்டு வெட்டு கொடுத்தால் மலை ஏறிவிடுவாள் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். அத்தனையும் ஆசையில் செய்தது. மருந்தை நிறுத்து என்றதும் சீறினாள்.

“சாமி குடுத்த கண்ணுங்க இது. அத நிறுத்தச் சொல்ல நீங்க யாரு?”

கூட்டம் முழுவதும் அவள் பக்கம். எனக்கு வந்த கோபத்துக்குக் கத்தியிருப்பேன். கத்தினால் என்னை வெளியே தள்ளிவிட்டு மறுபடி சீசாவைத் தேடுவார்கள். அந்தப் பெண் செத்துப் போவாள். கோபத்தை விழுங்கினேன்.

“சாமி குடுத்ததுன்னா நான் மருந்த நிறுத்தினாலும் மஞ்சள் போவாது. என் மருந்து குடுத்ததுன்னா போயிடும். நிறுத்திப் பார்த்துடலாமா?” என்றேன்.

மாமியார் வாசல் வழியே மலையைப் பார்த்தாள். அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. “பார்த்துடலாம்” என்றாள்.

கிருத்திகையன்று ஊரே மலையில் இருந்தது, நான் அவள் பாயருகே இருந்தேன். அசைய விடவில்லை. இளநீரைக் கரண்டியால் ஊட்டினேன். நாடி ஒரு கட்டத்தில் தேய்ந்துகொண்டே போனபோது, படித்ததெல்லாம் மறந்து முருகா என்றுதான் வாயில் வந்தது. பிறகு மெல்ல மெல்ல அந்த இடைவெளிகள் குறைந்தன. சில நாள் கழித்து ஒரு காலையில், மாமியார் தொடுத்துக்கொண்டிருந்த சரத்தைப் பார்த்து, “பூ வெள்ளையா இருக்குது அத்தை” என்றாள் மருமகள். தொடர்ந்து, பசிக்கிறது என்றும் சொன்னாள்.

எனக்கு உள்ளூரப் பயம். சாமியை விரட்டிய டாக்டர் என்று ஊர் கல்லெறியலாம். மாமியார் சரத்தைக் கீழே போட்டுவிட்டு முந்தானையில் முகத்தைத் துடைத்தாள்.

“சோறு கேட்டுட்டா டாக்டரம்மா. எனக்கு அது போதும்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு ஓடினாள்.

பிறகு அளவைக் குறைத்து மறுபடி கொடுத்தேன். சுருங்கிய கதவு சுருங்கியதுதான். அதை விரிக்க என்னிடம் வித்தை இல்லை. ஆனால் மாடு நிதானமாக நடந்தது, சால் நிரம்பி ஏறியது. சீசாவை மாமியார் பூட்டி வைத்து, ஒவ்வொரு வெட்டையும் என் மிரட்டலைவிடப் பெரிய மிரட்டலோடு ஊற்றினாள்.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு நானே உத்தரவு கொடுத்தேன். காவடியை மருமகளின் கணவர் தூக்கிக்கொண்டார். மண்டபத்துக்கு மண்டபம் உட்கார்ந்து, நான் நாடி பார்த்துச் சரி என்ற பிறகே எழுந்து, அவள் ஏறினாள். மாமியார் வழியெல்லாம் முன்பின் தெரியாதவர்களையும் நிறுத்தி, “நெஞ்சு நோவுக்கு எங்க டாக்டரம்மா” என்று என்னைக் காட்டினாள். மூச்சு வாங்கியது மாமியாருக்குத்தான். எனக்குத் தலை எங்கோ போய் முட்டியது. அந்தக் கர்வத்தை இன்றுவரை நான் இறக்கி வைக்கவில்லை.

உச்சியில் தரிசனம் முடிந்து வெளியே வந்தோம். கீழே பொய்கைக் கரைவரை ஒரே மஞ்சள் கூட்டம். மருமகள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, விபூதி இருந்த உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

“வெள்ளையாத்தான் இருக்குதுங்க” என்றாள்.