பதினாறு நாள் மூடிக்கிடந்த குழி

பதினாறு நாளாக மூடிக்கிடந்த குழியை வேல்பாண்டி அன்றைக்குத்தான் திறந்து, தேங்காய்ச் சிரட்டைக் கரியை அள்ளிச் சலித்துக்கொண்டிருந்தார். தூசி போகச் சலித்தால்தான் கம்பெனியில் எடுப்பார்கள். அங்கே அதை நீராவியில் மறுபடி சுட்டு, தண்ணீரைச் சுத்தம் பண்ணும் ஆக்டிவேட்டட் கார்பனாக்குவார்கள்.

கம்பத்துத் தோப்புகளில் சிரட்டை வாங்கிச் சுடும் இந்த இருபது வருசத்தில் கைதான் அவருடையது. கண் அவர் மனைவி ராமுத்தாயுடையது. வெள்ளைப் புகை மெலிந்து நீலம் தட்டும்போது குழியைத் தகரம் போட்டு மண்ணால் மூடிவிட வேண்டும். பிந்தினால் மொத்தமும் சாம்பல். "உங்களுக்குக் குழிப் புகையும் ஒண்ணுதான், இட்லிச் சட்டி ஆவியும் ஒண்ணுதான்" என்பாள்.

பதினாறு நாளுக்கு முன் இந்தக் குழி எரிந்துகொண்டிருந்தபோதுதான் அவளுக்கு மூச்சு முட்டியது. லீவுக்கு வந்திருந்த மகள் சுபாஸ்ரீ ஆம்புலன்சில் தேனிக்குக் கொண்டுபோனாள். கொஞ்ச நேரத்தில் ராமுத்தாயே போன் போட்டாள்.

"புள்ள மருந்து வாங்கப் போயிருக்கு. எனக்கு ஒண்ணுமில்ல. நீலம் தட்டவும் மூடிட்டு வாங்க. இன்னைக்காச்சும் ஒழுங்காப் பாருங்க."

இவரும் கண் கொட்டாமல் பார்த்தார். சரியாக மூடினார். பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

இப்போது லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர் சுருளிராஜன் இரண்டு துண்டை எடுத்துத் தட்டிப் பார்த்தான். கணீரென்றது.

"அண்ணே, அப்பிடியே மதினி சுட்ட கரி!"

ஒரு கூடையாவது சாம்பலாகியிருக்கக் கூடாதா என்று இருந்தது வேல்பாண்டிக்கு.

சுபாஸ்ரீ பதினாறு நாளாக அவரோடு பேசவில்லை. சாயங்காலம் கோயம்புத்தூருக்கு வேலைக்குத் திரும்புகிறாள். அதற்குள் ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டுமென்று கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு உள்ளே போனார். அவள் பைக்குள் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, பஸ்சு எத்தன மணிக்கு?"

அவள் திரும்பவில்லை. "கரி நல்லா வந்துருக்காமே?"

"ம்."

"அம்மா ரெண்டு மணி நேரம் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சுப்பா. ஒரு குழி சாம்பலானா ஆகட்டும்னு ஏன் உங்களுக்குத் தோணல?"

ராமுத்தாய் போனில் சொன்னது அவர் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் செத்தவள் மேல் பழி போட்டதாகிவிடும். மகள் காபி குடித்து வைத்திருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.