வேவு பார்க்கப் போன நாத்தனார்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், மாடியில் இருக்கிறது செல்லப்பனின் வீடு மனை விற்கும் ஆபீஸ். அங்கே கமலவேணியும் பானுப்ரியாவும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. பானு முன்னால் சேர்ந்திருந்தால் அனுபவம் என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளலாம். பின்னால் சேர்ந்திருந்தால் புதுசு, வந்த வேகம், போகப் போகத் தெரியும் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டுக்கும் வழியில்லாமல் போய்விட்டது.

கமலவேணிக்குப் பிறந்த ஊர் செட்டிகுளம். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பம். கட்டிக்கொடுத்தது துறைமங்கலத்தில். கணவன் ஜெயப்பிரகாஷுக்கு டயர் கடையில் வேலை. பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நின்றாள். ஆறு கஜம் துணியை விரித்துப் போட்டு, அதன் கரை, முந்தி, சாயம், அதைக் கட்டிப் போனால் கல்யாண வீட்டில் யார் யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது வரை பேசி, சும்மா பார்க்க வந்தவர்களையும் பையோடு அனுப்பிவைப்பாள். ஒருநாள் செல்லப்பனின் மனைவிக்கு அப்படித்தான் மூன்று புடவை விற்றாள். மறுநாளே செல்லப்பன் ஆள் விட்டார்.

“வூடு விக்கிறதும் இதே மாதிரிதான்ம்மா. வாய் இருந்தா போதும்” என்றார்.

அதை அவள் அப்படியே நம்பினாள்.

தொழிலை அவள் கற்றுக்கொண்ட வேகத்தை யாரும் குறை சொல்ல முடியாது. தாய்ப்பத்திரம் எது, வில்லங்கச் சான்றில் எந்தப் பக்கத்தை முதலில் பார்க்க வேண்டும், எந்தத் தெருவில் போர் தண்ணீர் உப்பு, எந்தத் தெருவில் மழைக்கு வாசல்வரை தண்ணீர் ஏறும், எல்லாம் விரல் நுனியில். ராகுகாலத்தில் பார்ட்டியைக் கூட்டிப்போகக் கூடாது, ஒரே வீட்டை இரண்டு பார்ட்டிக்கு ஒன்றாகக் காட்டக் கூடாது என்று செல்லப்பன் சொன்ன ஒவ்வொன்றும் மனப்பாடம். பானுவுக்கோ பட்டாவுக்கும் சிட்டாவுக்கும் இன்னும் குழப்பம். பார்ட்டி யாராவது பத்திரம் பற்றிக் கேட்டால் அவள் திரும்பி கமலவேணியின் முகத்தைத்தான் பார்ப்பாள்.

“கமலா, கொஞ்சம் சொல்லேன் அவங்களுக்கு.”

கமலவேணி சொல்வாள். பார்ட்டி தலையாட்டிக் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் பானுவின் ஸ்கூட்டி பின்னாலேயே வீடு பார்க்கப் போவார்கள். போனவர்களில் பாதிப் பேர் வாங்கிவிடுவார்கள்.

கமலவேணி கூட்டிப்போகிறவர்கள் வாசற்படி இறங்கும்போதே ஒரு வார்த்தை சொல்வார்கள்: “வூட்ல கலந்துகிட்டு சொல்றோங்க.” அந்தத் தொழிலில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

பானுவின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிரகப்பிரவேசப் பத்திரிகைகள் சேர்ந்துகொண்டே போயின. மஞ்சள் தடவிய ஓரம், பிள்ளையார் படம், அவசியம் குடும்பத்துடன் வரவும். ஒரு குடும்பம் பால் காய்ச்சிய கையோடு சர்க்கரைப் பொங்கல் தூக்கை ஆபீசுக்கே கொண்டுவந்து கொடுத்தது. பானு எல்லாருக்கும் இலை போட்டுப் பரிமாறினாள். கமலவேணி, “சக்கரை எனக்கு ஆகாது” என்றாள்.

“எப்பலேருந்துடி?”

“கொஞ்ச நாளா.”

அன்று சாயங்காலம் டீக்கு எப்போதும்போல இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் குடித்தாள். பானு பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததும் எரிந்தது.

ஒருவேளை சிரிப்புதான் காரணமோ? பானுவைப் போலச் சிரித்துப் பார்த்தாள். ஸ்கூட்டிதானோ? தவணையில் ஒன்று எடுத்தாள். அதுவும் இல்லை. புடவையா, பேச்சா, ஆம்பளைப் பார்ட்டிகளிடம் குழைகிறாளா என்றெல்லாம் யோசித்து, அப்படி யோசித்ததற்காக இரவில் தன்மேலேயே வெறுப்பு வந்து, காலையில் மறுபடி யோசித்தாள்.

இந்த நிலையில்தான் செல்லப்பன் அரியலூரில் ஒரு கிளை திறக்கப்போவதாகச் சொன்னார். ஜெயங்கொண்டம் ரோட்டில் இடம் பிடித்தாயிற்று.

“அது ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான். போர்டுல அவங்க பேரு, அவங்க போன் நம்பர். தை பொறக்கறதுக்குள்ள யார் கை ஓங்குதோ அவங்களுக்கு.”

கமலவேணியின் பெயர் அதுவரை ரேஷன் கார்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் தவிர வேறெங்கும் அச்சானதில்லை. சாலையோரத்தில், பஸ்ஸில் போகிறவர்கள் படிக்கிற உயரத்தில், நீலத்தில் வெள்ளை எழுத்தாக அது நிற்பதை அவள் பார்த்தேவிட்டாள். அன்றிலிருந்து அந்தப் பலகையைத் தவிர வேறு எதையும் அவளால் நினைக்க முடியவில்லை.

பார்ட்டியைக் கூட்டிப்போன வீட்டில் பானு என்னதான் செய்கிறாள்? அது தெரிந்தாக வேண்டும். கூடப் போய்ப் பார்க்க முடியாது. பார்ட்டிகளைக் கேட்டால் பானு காதுக்குப் போய்விடும். யோசித்து யோசித்துக் கடைசியில் நாத்தனார் புவனேஸ்வரியைப் பிடித்தாள்.

புவனா ஜெயப்பிரகாஷின் தங்கை. திருமானூரில் வாழ்க்கைப்பட்டவள். கணவன் முத்துவேலுக்கு நெல்லும் கரும்பும். மாமியார், கொழுந்தனார்மார் என்று ஒரே வீட்டில் கூட்டுக் குடும்பம். பிள்ளைகள் படிப்புக்கு அரியலூரில் ஒரு வீடு இருந்தால் நன்றாயிருக்கும் என்று எப்போதாவது சொல்வாள். “பாக்கலாம் பாக்கலாம்” என்று கமலவேணி தட்டிக்கழிப்பாள். காரணம், செல்லப்பன் சொல்லிக்கொடுத்த பாடம்: சொந்தக்காரர்களுக்கு மட்டும் வீடு காட்டாதே. நாளைக்குக் குழாய் ஒழுகினால் கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று எந்தப் பந்தலிலும் உன்னைத்தான் பிடிப்பார்கள். அதோடு, முத்துவேல் திருமானூரை விட்டு அசைகிற ஆள் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். வாங்கவே வாங்காத ஆள். வேவு பார்க்க அதைவிடத் தோதான ஆள் கிடைக்குமா?

“நான் என்னண்ணி பண்ணணும்?” என்றாள் புவனா.

“ஒண்ணும் பண்ண வேணாம். வூடு பாக்க வந்த மாதிரி வா. அவ என்ன பேசுறா, எங்கெங்க கூட்டிட்டுப் போறா, எத மொதல்ல காட்டுறா, எல்லாத்தையும் கவனிச்சு எங்கிட்ட வந்து சொல்லு. எம் பேர மட்டும் எடுத்துராத.”

“அய்ய, சினிமால வர்ற மாதிரி இருக்கு.”

“சிரிக்காத. சத்தியம் பண்ணு.”

புவனா சிரித்துக்கொண்டே சத்தியம் செய்தாள்.

அரியலூரில் ரொம்ப நாளாக விற்காமல் கிடந்த ஒரு வீட்டைத்தான் பானு அவளுக்குக் காட்டினாள். கமலவேணியும் பலமுறை காட்டித் தோற்ற வீடு அது. சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் சுண்ணாம்புக்கல் லாரி போகும் ரோடு. கமலவேணி அந்த ஜன்னலைச் சாத்தி, மேலே ஒரு காலண்டரையும் மாட்டிவைத்துத்தான் காட்டுவாள்.

பார்த்துவிட்டு புவனா நேரே பெரம்பலூர் பஸ் ஏறி வந்தாள். கமலவேணி அவளுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“என்ன பேசுனா?”

“ஒண்ணும் பேசலண்ணி.”

“ஒண்ணும் பேசலன்னா? வாஸ்து, தண்ணி, பஸ் வசதி…”

“ம்ஹூம். கதவ தொறந்து விட்டாங்க. ‘நீங்க பாருங்கக்கா, நான் வெளிய இருக்கேன்’னுட்டு வண்டி மேல உக்காந்து போன் பாத்துட்டு இருந்தாங்க. சமையக்கட்டு ஜன்னல காலைல தொறக்காதீங்க, லாரி தூசி வரும்னாங்க.”

“அத சொன்னாளா?”

“அதத்தான் மொதல்லயே சொன்னாங்க.”

கமலவேணிக்கு ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவுதானா? இதற்கா இத்தனை பத்திரிகை? “வேற ஒண்ணுமே கேக்கலியா?”

புவனா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“நான் வெளிய வந்ததும் ஒண்ணு கேட்டாங்கண்ணி. ‘அக்கா, இப்ப இருக்குற வூட்ல நீங்க எங்க படுப்பீங்க?’ன்னு கேட்டாங்க.”

“இது என்ன கேள்வி?”

“எனக்கும் சிரிப்புதான் வந்துச்சு. நான் கிரைண்டர் பக்கத்துல, சமையக்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவுல இருக்குற நடையிலன்னு சொன்னேன். ராத்திரி தண்ணி குடிக்க வர்றவங்க எல்லாம் தாண்டித்தான் போவாங்கன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துருச்சு. முன்ன பின்ன தெரியாத பொம்பள முன்னாடி ரோட்டுல நின்னு அழுதேண்ணி. வெக்கமா போச்சு.”

திருமானூர் வீட்டுக்குக் கமலவேணி எத்தனையோ முறை போயிருக்கிறாள். பொங்கலுக்குப் போனால் அவளுக்கும் ஜெயப்பிரகாஷுக்கும் கட்டில் போட்ட அறையை ஒழித்துக் கொடுப்பார்கள். அது யாருடைய அறை, அன்று அவர்கள் எங்கே போய்ப் படுக்கிறார்கள் என்று அவள் கேட்டதில்லை. சொந்த நாத்தனாரைப் பற்றித் தனக்குத் தெரியாத ஒன்றை, பட்டா எது சிட்டா எது என்று தெரியாத பானு வண்டிமேல் உட்கார்ந்தபடி தெரிந்துகொண்டுவிட்டாள். இதுவரை பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. இது வேறு மாதிரி இருந்தது. நெஞ்சுக்குள் ஒரு இடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தது.

“கொழம்பு ஊத்தட்டுமா?” என்று மட்டும் கேட்டாள்.

அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தாள். கார்த்திகையில் ஒரு காலை புவனா போன் செய்தாள்.

“அண்ணி, அவரு சரின்னுட்டாரு! நானும் தெனம் பேசிப் பேசித்தான். மாமியாரும் ஒண்ணும் சொல்லல. வர்ற வெள்ளிக்கெழம அட்வான்ஸ் போடுறோம்.”

“எந்த வூட்டுக்கு?”

“நீங்க பாக்க அனுப்புன வூடுதான்.”

கமலவேணி அடுப்பை அணைத்தாள். “புவனா, அங்க லாரி தூசி…”

“அதான் அவங்களே சொன்னாங்களே.”

“வாசல் தெக்கு.”

“அவருக்கு தெக்குதான் ராசியாம். உங்க பேர நான் சொல்லவே இல்லண்ணி. சத்தியம் சத்தியம்தான்.”

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிடலாம் என்று பார்த்தாள். ஜெயப்பிரகாஷ் விடவில்லை. “எந் தங்கச்சி வூடு வாங்குறா, அதுவும் உன் ஆபீஸ்ல. நீ இல்லன்னா நல்லாவா இருக்கும்?”

தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம். ஒரு பக்கம் வீட்டுக்காரர், எதிர்ப் பக்கம் முத்துவேலும் புவனாவும் ஜெயப்பிரகாஷும். பானு புதுப் புடவையில் இருந்தாள். கமலவேணி எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் சுவரோரம் நின்றாள்.

தாம்பாளம் கை மாறுவதற்கு முன் செல்லப்பன் ஒரு கேள்வி கேட்பார். பின்னால் நான், நீ என்று சண்டை வரக் கூடாது என்று எல்லார் முன்னாலும் உரக்கக் கேட்பார்.

“பார்ட்டி யார் மூலமா வந்தது?”

பார்ட்டியைக் கொண்டுவந்தவருக்குப் பாதி. அது அங்கே எழுதாத சட்டம். பாதி வந்தால் கமலவேணியின் கணக்கிலும் ஒரு வீடு ஏறும்; தை பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. பலகை இன்னும் கைவிட்டுப் போகவில்லை. புவனா அவளைப் பார்த்தாள். உதட்டை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

“தானா வந்தாங்கண்ணே” என்றாள் பானு.

“நான் அனுப்புனேன்” என்றாள் கமலவேணி.

எல்லாரும் திரும்பினார்கள்.

“நீயா?” செல்லப்பன் கண்ணாடியைக் கழற்றினார். “உன் நாத்தனாரு. நீயே காட்டிருக்கலாமேம்மா?”

பொய் ஒன்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். ஜவுளிக்கடையில் அருவி மாதிரி கொட்டிய வாய் அது. உண்மைதான் வந்தது.

“பானு எப்படி காட்டுறான்னு பாத்துட்டு வரச் சொன்னேண்ணே.”

முத்துவேல்தான் முதலில் சிரித்தான். “அடிப்பாவி, அப்ப நம்ம வேவு பாக்க வந்தா வூடு வாங்குறோம்?” வீட்டுக்காரரும் சிரித்தார். ஜெயப்பிரகாஷ் தரையைப் பார்த்தான். பானு மட்டும் சிரிக்கவில்லை.

“எங்கிட்ட கேட்டிருக்கலாமே கமலா.”

“கேட்டா சொல்லிருப்பியா?”

பானு கொஞ்சம் யோசித்தாள். “மாட்டேன்.”

அந்த ஒரு வார்த்தைக்காக அந்த நிமிடம் கமலவேணிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அதுவும் ஒரு நிமிடம்தான்.

செல்லப்பன் தாம்பாளத்தை நகர்த்தினார். “சட்டப்படி கமிஷன்ல பாதி உனக்கு உண்டும்மா. ஆனா அனுப்புனது நீ. வாங்க வெச்சது அவ. அரியலூர் பானு பாத்துக்கட்டும்.”

வேண்டாம் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். கமலவேணி, “சரிங்கண்ணே” என்று பாதியை வாங்கிக்கொண்டாள்.

தை மாதம் ஜெயங்கொண்டம் ரோட்டில் பலகை ஏறியது. நீலத்தில் வெள்ளை எழுத்து. எழுத்து கொஞ்சம் சாய்ந்திருப்பதாக கமலவேணிக்குப் பட்டது.

இப்போது பெரம்பலூர் ஆபீசில் அவள் மட்டும்தான். போன வாரம் ஒரு பெண் தனியாக வீடு பார்க்க வந்தாள். கணவன் வரவில்லை, மாமியார் வரவில்லை, கையில் ஒரு சின்னப் பை. கமலவேணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உங்கள யாருங்க அனுப்புனது?”

“யாரும் அனுப்பல. சும்மா பாக்கலாம்னு வந்தேன்.”

சும்மா. கமலவேணி துறைமங்கலத்தில் விலைக்கு இருந்த ஒரு வீட்டுக் கதவைத் திறந்துவிட்டாள். வாசல் திசை, தண்ணீர், பஸ் எல்லாம் தொண்டைவரை வந்தன. அடக்கிக்கொண்டு, “பாருங்க, நான் வெளிய இருக்கேன்” என்றாள். வெயிலில் ஸ்கூட்டிமேல் உட்கார்ந்து போனைக் கையில் வைத்துக்கொண்டாள். அதில் ஒன்றும் ஓடவில்லை. உள்ளே அந்தப் பெண் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

அரியலூரிலிருந்து பானு அனுப்பிய ஆளாக இருக்குமோ? இருக்கலாம். பானு அந்தப் பலகைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, கமலா இப்போது எப்படிக் காட்டுகிறாள், எத்தனை விற்கிறாள் என்று தெரியாமல் தவித்து, ஒரு சொந்தக்காரியைப் பிடித்துச் சத்தியம் வாங்கி அனுப்பியிருக்கலாம்.

அப்படி மட்டும் இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தபடி, கமலவேணி அந்தப் பெண் வெளியே வரக் காத்திருந்தாள்.